பரவைக்கடலில் இருந்து ஒரு மாதிரி அங்கி: யாழ்ப்பாண ஆய்வுகூடத்துக்கான முழு வழிகாட்டி

உயிரியல் படித்தவர்களுக்கு ஈ.கோலை, ஈஸ்ட், பழ ஈ, சுண்டெலி எல்லாம் பழகின பெயர்கள். எல்லா நாட்டு ஆய்வுகூடங்களிலும் ஒரே மாதிரி வளர்வதால், ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்க முடிகிறது. அதனால்தான் இவற்றை மாதிரி அங்கிகள் என்கிறோம். கடலுக்கு அப்படியான அங்கிகள் மிகக் குறைவு. உலகில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறக்குறையப் பாதியைக் கடலின் நுண்ணங்கிகள் செய்கின்றன. அவற்றில் பரம்பரையலகை நாம் நினைத்தபடி மாற்றிப் பார்க்கக்கூடியவை ஒரு கைப்பிடிதான்.

இந்தக் குறையைத் தீர்க்கப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து செய்த பெரிய முயற்சி ஒன்றின் அறிக்கை 2020இல் வெளியானது. 39 கடல் ஒருகல உயிரிகளில் டிஎன்ஏயைச் செலுத்தப் பார்த்தார்கள். அதுவரை யாராலும் முடியாதிருந்த 13 இனங்களில் அது கைகூடியது. மற்றவற்றில் எது சரிவரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். புதிதாக ஒரு மாதிரி அங்கியை உருவாக்க நினைப்பவர் முதலில் வாசிக்க வேண்டியது அந்தச் சரிவராத பட்டியலைத்தான் என்பேன்.

இந்த வழிகாட்டி யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்க விரும்பும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் பட்டப்பின் ஆய்வாளர்களுக்கும். பெரிய பணம் இல்லை, மின்சாரம் எப்போதும் நிச்சயமில்லை, ஒரு இரசாயனப் பொருள் கொழும்பில் இருந்து வர வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் அறையைப் பாருங்கள், பிறகு அங்கியைத் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரையில் அழகான ஒரு டயற்றத்தை (சிலிக்கா ஓடுள்ள ஒருகலப் பாசி) பார்த்து, அதையே இங்கே வளர்க்க ஆசைப்படுகிறார்கள். பியோடாக்டைலம் ட்ரைகோர்னூட்டம் என்ற டயற்றத்தின் முழு மரபுத்தொகுதி 2008இலேயே வாசிக்கப்பட்டது. கருவிகள் நிறைய, செய்முறைகள் நிறைய. ஆனால் அது வளர்க்கப்படுவது 18 முதல் 20 பாகை செல்சியசில். எங்கள் அறை சித்திரையில் 32 பாகை. குளிரூட்டும் வளர்ப்பறை ஒன்று இரவில் நின்றுபோனால் விடியும்போது குடுவையின் அடியில் வெளிறிய படிவுதான் மிஞ்சும். 2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

குளிர்நாட்டுக் கடல்களில் இருந்து எடுத்த மாதிரி அங்கிகளில் பெரும்பாலானவை 15 முதல் 22 பாகைக்குள்தான் வளர்க்கப்படுகின்றன. வெப்பக் கடலுக்கு, அதிலும் ஆழமில்லாத, உவர் ஏறி இறங்கும் நீரேரிக்கு, உரிய மாதிரிகள் அரிது. இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கு இடம் இருக்கிறது. பரவைக்கடலில் (யாழ்ப்பாண நீரேரியில்) வாழும் நுண்ணங்கி 30 பாகையை ஏற்கெனவே பழகியது. குளிரூட்டி நின்றாலும் அது சாகாது. அதனால் என் முதல் நிபந்தனை இதுதான்: மேசையில், சாளர வெளிச்சத்தில், மின்சாரம் இல்லாமல் ஒரு வாரம் தாக்குப்பிடிக்காத எதையும் மாதிரி அங்கியாக்க முயலாதீர்கள்.

மற்ற நிபந்தனைகள் வழமையானவை. நாளுக்கு ஒரு தடவையாவது இரட்டிக்க வேண்டும். திரவத்திலும், முடிந்தால் ஏகார் என்ற கூழ் ஊடகத்திலும் வளர வேண்டும். சாதாரண நுணுக்குக்காட்டியில் அடையாளம் காணக்கூடிய உருவம் வேண்டும். மரபுத்தொகுதி சிறிதாக இருந்தால் நல்லது. பிரான்சின் தோ நீரேரியில் 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒஸ்ட்ரியோகொக்கஸ் டோரி ஒரு மைக்ரோமீற்றரை விடச் சிறியது. தனித்து வாழும் உட்கருவுள்ள உயிரிகளில் அறியப்பட்ட மிகச் சிறியது அதுதான். அதுவும் ஒரு நீரேரியில் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

எங்கே, எப்போது தண்ணீர் எடுப்பது

எங்களுக்கு வாய்த்திருப்பது ஒரே கடல் இல்லை. பண்ணைப் பாலத்தடியில் ஆழம் குறைந்த, சேறு கலங்கும் நீர். காரைநகர் கசூரினாவில் தெளிந்த கரைக்கடல். தொண்டைமானாறு மழைக்கு நன்னீராகி, கோடையில் உவரேறும். ஆனையிறவுப் பக்கம் போனால் உவர் கடலையும் தாண்டிவிடும். உப்பளப் பாத்தி செம்மை பூக்கிறதென்றால் அங்கே டுனலியெல்லாப் பாசியும் உவர்விரும்பி ஆர்க்கியாக்களும் (பற்றீரியா போலத் தெரியும், ஆனால் வேறு கிளையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள்) இருக்கும்.

தனியே வேலை செய்பவருக்கு நான் சொல்வது உப்பளம்தான். உப்பு மிகுந்த ஊடகத்தில் வெளியில் இருந்து வரும் பூஞ்சணமோ சாதாரண பற்றீரியாவோ பிழைக்காது. தொற்று என்ற தலைவலி பாதி குறையும். சாக்கடலின் சேற்றில் இருந்து பிரிக்கப்பட்ட ஹலோபெராக்ஸ் வோல்கனி என்ற ஆர்க்கியா இன்று உலகம் முழுக்க மாதிரி அங்கியாக இருக்கிறது. அதைவிட உவர் குறைந்த நீரில் வேட்டையாடும் ஒருகல உயிரிகளைத் தேடுபவர்கள் பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் போகலாம்.

காலம் முக்கியம். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பரவைக்கடல் அடிச்சேறோடு கலங்கிக் கிடக்கும். வடிகட்டி பத்து நிமிடத்தில் அடைத்துவிடும். மாரி தொடங்கியதும் உவர் சட்டென்று இறங்கும். ஒரே இடத்தில் கோடையிலும் மாரியிலும் எடுத்தால் இரண்டு வேறு உலகங்கள் கிடைக்கும். இரண்டையும் எடுங்கள்.

இதை எந்தப் புத்தகத்தையும்விடக் குருநகர்க் கடற்றொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள். போத்தலோடு போய் நின்ற என்னிடம் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர், "பிள்ளை, இண்டைக்குத் தண்ணி சரியில்லை, ஒரே கலங்கல். காத்து விழட்டும், விடியப்பறம் வாங்கோ" என்றார். "ஓம் அண்ணை, எத்தினை மணிக்கு வர?" என்று கேட்டேன். "நாங்கள் வலை இழுத்து வரேக்க வாங்கோ, வெளிக்கடல் தண்ணியும் கொஞ்சம் கொண்டு வந்து தாறன்" என்றார். ஆய்வுகூடத்தின் ஆண்டறிக்கையில் இவர்களுக்கு நன்றி சொல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காத ஒன்று.

எடுக்கும்போது வெப்பம், உவர், பிஎச், நேரம், இடத்தின் ஆள்கூறு எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள். எதனோல் பட்டால் பேனா மை ஓடிவிடும். போத்தலைக் கடல்நீரால் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புங்கள், மேலே கொஞ்சம் காற்றிடம் விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், ஐஸிலும் வைக்காதீர்கள். வெப்பநீர் உயிரிகளை ஐஸ் கொன்றுவிடும். ஈரச் சாக்கால் சுற்றி நிழலில் கொண்டுவந்தால் போதும். கையுறை போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம். வெதுவெதுப்பான நீரேரி நீரில் விப்ரியோ இனங்கள் இயல்பாகவே இருக்கும், சில மனிதரை நோயாக்கும்.

கடல்நீர் ஊடகம்

பாசிகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது எஃப்/2 ஊடகம். ஒரு லீற்றர் வடித்த கடல்நீருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைத்திரேற்று, 5 மில்லிகிராம் சோடியம் இருஐதரசன் பொசுபேற்று, டயற்றம் என்றால் 30 மில்லிகிராம் சோடியம் சிலிக்கேற்று. அதோடு சுவட்டு உலோகக் கரைசல், தயமின், பயோட்டின், பி12 ஆகிய மூன்று உயிர்ச்சத்துகள். ஒவ்வொன்றையும் ஆயிரம் மடங்கு செறிவில் தனித்தனியே செய்து வைத்தால் வேலை இலகு. உயிர்ச்சத்தைச் சூடாக்காமல் 0.2 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் வடித்து, ஆறிய ஊடகத்தில் கடைசியாகச் சேருங்கள்.

நீரேரித் தண்ணீரின் உவர் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஊடகத்துக்கு வெளிக்கடல் நீரே நல்லது. முறிவுமானியால் உவரை அளந்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து ஆயிரத்துக்கு 35க்குக் கொண்டுவாருங்கள். பெரிய கலனில் வாங்கி, இருட்டில் சில வாரம் வைத்து, வடித்துப் பயன்படுத்தினால் ஒரு பருவம் முழுக்க ஒரே நீர் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு இது பெரிய பலம்.

ஓட்டோக்கிளேவ் பழுதானால் வேலையை நிறுத்த வேண்டாம். 15 பவுண்டு அமுக்கத்தில் நிற்கும் வீட்டுப் பிரஷர் குக்கர் 121 பாகைக்குப் போகும். 20 நிமிடம், சின்னக் குடுவைகள், கிருமியழிப்புச் சுட்டி நாடா ஒன்று. அது போதும். கடல்நீரைச் சூடாக்கும்போது வெண்படிவு விழலாம். மெதுவாக ஆறவிட்டால் குறையும்.

கண்ணாடிச் சாமான்களைப் பற்றி ஒன்று. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறியது. கடினத்தன்மை கூட, தோட்ட நிலங்களை அண்டிய கிணறுகளில் நைத்திரேற்றும் கூட. அதால் கழுவி அப்படியே காயவைத்த குடுவையில் நீங்கள் போடாத நைதரசன் இருக்கும். போசணை பற்றிய எந்தப் பரிசோதனையும் கெடும். 10 வீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் பல தடவை அலசுங்கள்.

ஒரு கலத்தைத் தனியாக்குதல்

இதுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். இங்கே பணம் தேவையில்லை, கை தேவை.

பாஸ்டர் குழாயின் நுனியைச் சுவாலையில் காட்டுங்கள். கண்ணாடி இளகி மஞ்சளாகும்போது சுவாலைக்கு வெளியே எடுத்து நிதானமாக இழுங்கள். சுவாலைக்குள் வைத்து இழுத்தால் நூலாகிப்போகும். இழுத்த இடத்தை மெதுவாக ஒடித்தால் கலத்தின் பருமனுக்குக் கிட்டத்தட்ட ஒத்த துளை கிடைக்கும். ஒடிந்த விளிம்பைத் தலைகீழ் நுணுக்குக்காட்டியில் பாருங்கள். பல்லுப்பல்லாக இருந்தால் கலத்தைக் கீறிக் கிழிக்கும், இன்னொன்று செய்யுங்கள். வட்டமாக, சுத்தமாக உடைந்ததை மட்டும் வையுங்கள். வடித்த கடல்நீர்த் துளிகளை ஒரு கண்ணாடித் தகட்டில் வரிசையாக விட்டு, விரும்பும் கலத்தை உறிஞ்சி முதல் துளியில் விடுங்கள். புதிய குழாயால் அதை எடுத்து அடுத்த துளியில் விடுங்கள். ஆறேழு துளி தாண்டும்போது கூட வந்தவை பெரும்பாலும் போய்விடும். மூச்சை அடக்கினாலும் கை நடுங்கும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஓடித் திரியும் மிகச்சிறு கலங்களை இப்படிப் பிடிக்க முடியாது. அவற்றுக்கு நீர்த்தல் முறை. எண்ணிப் பார்த்து, குழி ஒன்றுக்குச் சராசரி 0.3 கலம் வரும்படி நீர்த்து 96 குழித்தட்டில் விடுங்கள். ஏறக்குறைய 25 குழிகளில் வளர்ச்சி தெரியும், அவற்றில் 21 அளவில் ஒற்றைக் கலத்தில் இருந்து வந்திருக்கும். தட்டு முழுக்கப் பச்சையாக வந்தால் சந்தோசப்படாதீர்கள். அது கலப்பு. காலியான குழிகள் நிறைய இருக்கும் தட்டைத்தான் நம்பலாம். எடுத்ததை மறுபடி ஒருமுறை நீர்த்துப் பிரியுங்கள்.

பற்றீரியாவைத் தின்னும் கழுத்துப்பட்டிக் கசையுயிர்களைத் தேடுபவர்கள், 5 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் பெரிய வேட்டையாடிகளை அகற்றிவிட்டு, கிருமியழித்த அரிசி மணி ஒன்றைக் குடுவையில் போட்டு இருட்டில் வையுங்கள். அரிசியைப் பற்றீரியா தின்னும், பற்றீரியாவை இவை தின்னும். சில நாளில் அடியில் இருந்து ஒரு துளி எடுத்து தினமும் பாருங்கள். விலங்குகளின் மிக நெருங்கிய ஒருகல உறவினர் இவர்கள்தான்.

பெயர் தெரிதல்

உருவம் மட்டும் போதாது. டிஎன்ஏயைப் பிரித்து, உட்கருவுள்ளவை என்றால் 18எஸ், பற்றீரியா அல்லது ஆர்க்கியா என்றால் 16எஸ் என்ற இரைபோசோம் ஆர்என்ஏ பரம்பரையலகைப் பிசிஆரால் பெருக்கி வரிசை பார்க்க அனுப்புங்கள். 18எஸ் ஏறக்குறைய 1800 மூலங்கள் நீளம், ஒரே வாசிப்பில் முழுதும் வராது. இரண்டு பக்கமும் இருந்து வாசிக்கச் சொல்லுங்கள். வரிசை எதனோடும் 97 வீதத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்றால் அவசரப்பட்டுப் புதிய இனம் என்று அறிவிக்காமல், மீண்டும் தனிக்கலம் எடுத்து மறுபடி செய்யுங்கள். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் அனுமதி தேவையா என்று பல்கலைக்கழகத்தின் ஊடாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூட இருக்கும் பற்றீரியாவை என்ன செய்வது

வளர்ப்பைச் சுத்தமாக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். பெனிசிலின், ஸ்ரெப்டோமைசின், ஜென்ராமைசின் கலவையைப் போட்டு எல்லாவற்றையும் கொல்வது பழைய வழக்கம். அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு நல்ல சான்று இருக்கிறது.

சல்பிங்கோஈகா ரொசெட்டா என்ற கழுத்துப்பட்டிக் கசையுயிர் சில வேளை தனிக்கலமாகவும், சில வேளை பூப்போலக் கூடிய கூட்டமாகவும் வளரும். நுண்ணுயிர்கொல்லி போட்டுப் பற்றீரியாவைக் குறைத்ததும் அந்தப் பூக்கூட்டம் வராமல் போனது. நிக்கோல் கிங்கின் ஆய்வுக்குழு அந்த வளர்ப்பில் இருந்த 64 பற்றீரியாப் பிரிப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தது. ஒன்றே ஒன்று கூட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது: அல்கோரிபாகஸ் மச்சிபொங்கொனென்சிஸ். அது வெளிவிடும் சல்போனோலிப்பிட்டு என்ற ஒரு கொழுப்புப் பொருள்தான் அந்தச் சமிக்ஞை என்பது 2012இல் தெரியவந்தது. பிறகு 2017இல், விப்ரியோ பிஷ்சேரி என்ற இன்னொரு பற்றீரியா இதே உயிரியை இனப்புணர்ச்சிக்குத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொன்று, பழைய வளர்ப்பையும் கொட்டியிருந்தால் இவை எதுவும் தெரியவந்திராது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் பற்றீரியாக்களோடு சேர்ந்த மூல வளர்ப்பை உறைய வைத்துவிடுங்கள். அடுத்து, கூட இருப்பவற்றைக் கடல் ஏகாரில் கீறி ஒவ்வொன்றாகப் பிரித்து, 20 வீத கிளிசரோலில் சேமியுங்கள். அப்புறம்தான் நுண்ணுயிர்கொல்லி. பற்றீரியாவை உண்ணும் உயிரி என்றால் முழுச் சுத்தம் சாத்தியமில்லை, தெரிந்த ஒரே பற்றீரியாவோடு வளர்ப்பதே இலக்கு. சல்பிங்கோஈகா இன்று எக்கினிகோலா பசிபிகா என்ற ஒற்றைப் பற்றீரியாவைத் தின்று வளர்க்கப்படுகிறது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கச் சாதாரண ஏகார்த் தட்டை மட்டும் நம்பாதீர்கள், கடல் பற்றீரியாக்களில் பெரும்பகுதி அதில் வளராது. டிஎன்ஏ நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் பாருங்கள், 16எஸ் பிசிஆரும் செய்யுங்கள்.

அதன் வாழ்க்கையை அறிதல்

பரம்பரையலகுக்குப் போகுமுன் சில மாதம் இதற்கு ஒதுக்குங்கள். வழிகாட்டும் ஆசிரியர் அவசரப்படுத்துவார், நீங்களும் அவசரப்படுவீர்கள். ஆனால் சாதாரண நிலையில் எப்படி வளரும் என்று தெரியாத உயிரியில், மாற்றிய பிறகு வந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வது?

லூகோல் அயடீன் ஒரு சொட்டுப் போட்டு நிலைப்படுத்தி, நியூபவர் எண்ணறையில் தினமும் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். நடுச் சதுரத்தின் கொள்ளளவு 0.1 மைக்ரோலீற்றர். அதில் 80 கலம் இருந்தால் மில்லிலீற்றருக்கு 8 இலட்சம். 50,000 ஒரு நாளில் 2,00,000 ஆனால் 12 மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. வெப்பம் 24, 28, 32, 36 பாகைகளிலும், உவர் 10இல் இருந்து 60 வரையும் இதைச் செய்யுங்கள். பரவைக்கடல் உயிரிக்கு இந்த அட்டவணையே ஒரு நல்ல கட்டுரை.

டயற்றம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல டயற்றங்களின் சிலிக்கா ஓடு பெட்டியும் மூடியும் போல இருப்பதால், ஒவ்வொரு பிரிவிலும் மகள் கலங்களில் ஒன்று கொஞ்சம் சிறிதாகும். மாதக்கணக்கில் சிறுத்துச் சிறுத்து, இலிங்க இனப்பெருக்கம் நடக்காவிட்டால் வளர்ப்பே அழியும். மாதம் ஒருமுறை நீளத்தை அளந்து எழுதுங்கள். பியோடாக்டைலம் இப்படிச் சிறுப்பதில்லை, சிலிக்கா இல்லாமலும் வளரும். அது மாதிரி அங்கியானதற்கு இதுவும் காரணம்.

உறைய வைத்தல், மின்வெட்டு, லீவு நாட்கள்

வளர்ப்பு வைத்திருப்பவர் கறவை மாடு வைத்திருப்பவர் போல. நல்லூர்த் திருவிழா என்றாலும் ஒருவர் வந்து பார்க்கத்தான் வேண்டும். வளர்ப்பைப் புதிய ஊடகத்துக்கு மாற்றும் நாட்களைச் சுவரில் ஒட்டுங்கள், இரண்டு பேர் பெயர் போடுங்கள். ஒவ்வொரு வளர்ப்பும் மூன்று இடத்தில் இருக்கட்டும்: வளர்ப்பறையில் ஒன்று, சாளரத்தோரம் மங்கல் வெளிச்சத்தில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று. மாற்றும்போது பழைய குடுவையை உடனே கொட்டாதீர்கள். அடுத்த மாற்றம் வரை வையுங்கள்.

உறைய வைக்க, 5 முதல் 10 வீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது கலத்தைக் காக்கும் திரவம்) சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் குளிரவிட வேண்டும். ஐசோப்புரோப்பனோல் நிரப்பிய பெட்டியில் வைத்து −80 பாகை உறைபெட்டிக்குள் விட்டால் அந்த வேகம் கிடைக்கும். பிறகு −196 பாகைத் திரவ நைதரசன். அது எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: மாடுகளுக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தல் செய்பவர்கள் திரவ நைதரசன் கலன்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். கால்நடைத் துறையினரோடு பேசிப் பாருங்கள். உறைய வைத்த கையோடு ஒரு குப்பியை உருக்கி உயிரோடு வருகிறதா என்று சோதிக்காத சேமிப்பு சேமிப்பே இல்லை.

டிஎன்ஏயை உள்ளே செலுத்துதல்

முதலில் எந்த நுண்ணுயிர்கொல்லி உங்கள் உயிரியைக் கொல்லும் என்று அறியுங்கள். செலுத்தும் டிஎன்ஏயில் அதற்கான எதிர்ப்பையும் சேர்த்தால், அதைப் பெற்ற கலங்கள் மட்டும் பிழைக்கும். 24 குழித்தட்டில் மில்லிலீற்றருக்கு 0, 25, 50, 100, 200, 400 மைக்ரோகிராம் என்று சியோசின், நூர்சியோதிரிசின், ஜி418, புரோமைசின் ஒவ்வொன்றையும் போட்டு இரண்டு வாரம் பாருங்கள். கடல்நீரின் உப்பு சியோசின் போன்றவற்றின் வலிமையைக் குறைக்கும். பியோடாக்டைலத்தைப் பாதி உவர்த் தட்டில் தெரிவு செய்வது அதனால்தான். பரவைக்கடல் உயிரி மாரியில் குறைந்த உவரையும் தாங்கிப் பழகியது. உவரைக் குறைத்துத் தெரிவு செய்ய இது பெரிய வசதி.

செலுத்தும் வழிகளில் நான் முதலில் முயலச் சொல்வது பற்றீரியா இணைவு. 2015இல் டயற்றங்களில் இது காட்டப்பட்டது. டிஎன்ஏயைக் கடத்தும் பரம்பரையலகுகள் பொருத்திய ஈ.கோலையையும் டயற்றத்தையும் ஒரே ஏகார்த் தட்டில் கலந்து வைத்தால், ஈ.கோலையே பிளாஸ்மிட்டை (சிறு வட்ட டிஎன்ஏ) கொண்டுபோய்க் கொடுக்கிறது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். அந்த முறையில் 30 பாகை இருட்டில் 90 நிமிடம், பிறகு 18 பாகை வெளிச்சத்தில் இரண்டு நாள். 30 பாகை டயற்றத்துக்குக் கூட, ஈ.கோலைக்குக் குறைவு, நடுவில் ஒரு சமரசம். 30 பாகையில் இயல்பாக வாழும் எங்கள் உயிரியை அங்கேயே இன்னும் நீண்ட நேரம் வைத்துப் பார்க்கலாம். இது கட்டாயம் சோதிக்க வேண்டிய ஒன்று.

மின்துளையிடல் கருவி இருந்தால் அடுத்தது அது. கடல் உயிரிகளில் இதன் எதிரி உப்பு. கழுவாமல் கலங்களைக் கியூவெட்டில் போட்டு மின்னடித்தால் பட்டென்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், ஒரு கருகல் வாசம், எல்லாம் முடிந்தது. கடல்நீரின் அதே பிரசாரண அமுக்கம் உள்ள சோர்பிட்டோல் அல்லது மனிட்டோல் கரைசலில் இரண்டு மூன்று தடவை மெதுவாகக் கழுவுங்கள். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் கலங்கள் நீந்துகின்றனவா என்று பாருங்கள்.

கலத்தைச் சுற்றியிருக்கும் உறையும் தடைதான். சல்பிங்கோஈகாவில் ஆண்டுக்கணக்காக டிஎன்ஏ உள்ளே போகவில்லை. 2018இல் வழி திறந்தபோது அந்த முறையின் ஒரு படி, மின்னடிக்கு முன் பப்பெயின் நொதியத்தால் புற உறையைத் தளர்த்துவது. பப்பாப்பாலில் இருந்து வரும் அதே நொதியம்தான். (மரத்துப் பாலை நேரே ஊற்ற வேண்டாம், தூய நொதியத்தை வாங்குங்கள்.) 2020இல் அதே உயிரியில் கிரிஸ்பர் முறையால் பரம்பரையலகைக் குறித்த இடத்தில் வெட்டுவதும் கைகூடியது.

பிளாஸ்மிட்டில் பரம்பரையலகை இயக்கிவிடும் முன்னூக்கிப் பகுதி உங்கள் உயிரியின் சொந்தமாக இருக்கட்டும். இரவல் முன்னூக்கி பெரும்பாலும் ஊமையாக இருக்கும். டிஎன்ஏ உள்ளே போனதைக் காட்டும் ஒளிரும் புரதமும், அமினோ அமிலங்களைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளின் தெரிவும் அந்த உயிரிக்குப் பொருந்த வேண்டும். பச்சையம் தானாகவே 680 நனோமீற்றர் பக்கம் சிவப்பாக ஒளிரும், அதனால் சிவப்புப் புரதம் வேண்டாம். செத்த கலங்களும் மஞ்சள் பச்சையாக ஒளிரும். பச்சையைக் கண்டதும் பேராசிரியரைக் கூப்பிடாதீர்கள். டிஎன்ஏ இல்லாமல் மின்னடித்தவை, மின்னடி இல்லாமல் டிஎன்ஏ மட்டும் போட்டவை, எதுவுமே செய்யாதவை மூன்றையும் அருகருகே வையுங்கள். நுண்ணுயிர்கொல்லித் தட்டில் தானாக எதிர்ப்புப் பெற்ற கலங்களும் வரும். பிசிஆரும் வரிசையும் பார்த்து, பல தலைமுறை வளர்த்து, அதன் பின்னும் ஒளிர்ந்தால் நம்பலாம்.

மாற்றிய உயிரி எதுவும் தொட்டி வழியே பரவைக்கடலுக்குப் போகக்கூடாது. நகரத்து வடிகால் போய் விழுவது அங்கேதான். பல்கலைக்கழக உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதியை முன்பே எடுங்கள். எல்லாக் கழிவையும் அமுக்க வெப்பத்தில் கொன்ற பிறகே ஊற்றுங்கள்.

எழுதுதலும் கொடுத்தலும்

தினக்குறிப்பில் சரிவராதவற்றையும் திகதி போட்டு எழுதுங்கள். எந்த மின்னழுத்தம், எத்தனை கலம், எவ்வளவு டிஎன்ஏ, யார் செய்தது, அன்று கரன்ட் போனதா என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு செய்முறையையும் இணையத்தில் திறந்த செய்முறைக் களஞ்சியம் ஒன்றில் பதிப்பு எண்ணோடு வையுங்கள். தமிழிலும் ஒரு பிரதி எழுதி ஆய்வுகூடத்தில் தொங்கவிட்டால் புதிதாக வரும் மாணவர்கள் கேள்வி கேட்கத் தயங்க மாட்டார்கள்.

கடைசிப் படி, உங்கள் வளர்ப்பை இன்னொருவருக்குக் கொடுப்பது. மட்டக்களப்பிலோ மாத்தறையிலோ உள்ள ஒரு மாணவருக்கு அனுப்புங்கள். 15 மில்லிலீற்றர் குழாயில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, மூடியைப் பரபிலிமால் சுற்றி, இரட்டைப் பையில் போட்டு, வெயில் படாத பெட்டியில், இரவு பஸ்ஸில் போகிறவர் கையில் கொடுத்தால் காலையில் சேரும். கூடவே ஒரு தாள்: எடுத்த இடமும் திகதியும், உவர், வெப்பம், ஊடகத்தின் அளவுகள், எத்தனை நாளுக்கு ஒருமுறை எவ்வளவு மாற்றுவது, கூட இருக்கும் பற்றீரியாக்களின் பட்டியல், நல்ல நிலையில் கலம் எப்படி இருக்கும் என்று ஒரு படம். தொலைபேசியில் ஒன்றும் விளக்கிச் சொல்லாதீர்கள். அந்தத் தாளை மட்டும் வைத்து அவர் மூன்று மாதம் வளர்த்து, அதே வளர்ச்சி வேகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் தாளில் எது விடுபட்டது என்று அவரிடமே கேட்டு, அந்த வரியைச் சேர்த்து, அடுத்த குழாயை அனுப்புங்கள்.